501ஆவது யூனிட், நாலாவது விசில்

கேள்வி: குக்கர் விசிலை எண்ணத் தெரியாத மகன், ஃபேனை அணைத்துக்கொண்டே திரியும் அப்பா, ஃபிரிட்ஜுக்குள் எதையும் கண்டுபிடிக்க முடியாத கணவன்... வீட்டில் நடக்கிற சின்னச் சின்ன எரிச்சல் எல்லாம் இப்போது மீம் ஆகிவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'விசில் அம்மா' மீம் ஒன்றைப் பகிர்ந்தேன். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. சிரித்துவிட்டுப் போகிற விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சொல்கிற மாதிரி மீமில் அம்மா கத்துவார், மகன் விழிப்பான், குக்கர் ஐந்தாவது விசில் அடிக்கும். அடுப்பில் தீ எவ்வளவு இருந்தது, அம்மா அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதெல்லாம் அதில் வராது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் தெரியும். அப்புறம் எப்படிச் சிரிப்பு வரும்?

முதலில் அப்பாவை எடுத்துக்கொள்வோம், அவர் பக்கம் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! காரணம், 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் சலுகை விலை போய், அவையும் 4.50க்கு ஏறிவிடும். தாண்டிய அந்த யூனிட்டுக்குத் தனியாக 8 ரூபாய். 2024இல் விகிதங்கள் கொஞ்சம் உயர்ந்தன. அப்போதும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. இப்போது ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேனைப் பாருங்கள். பழைய மாடல் என்றால் சுமார் 75 வாட். தினம் எட்டு மணி நேரம் வீணாக ஓடினால் 60 நாளில் 36 யூனிட். மீட்டர் 480ஐ நெருங்கும் வீட்டில் அந்த ஃபேன் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்காமல் என்ன செய்யும்?

அதே அப்பா லைட்டுக்கும் கத்துகிறாரே என்பீர்கள். அங்கே அவர் பழைய ஞாபகத்தில் இருக்கிறார். 60 வாட் குண்டு பல்பு காலத்தில் அதே எட்டு மணி நேரம் இரண்டு மாதத்தில் 29 யூனிட்டைத் தின்றது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. தின்பது நாலரை யூனிட்டுக்கும் குறைவு. ஃபேனுக்காகத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, லைட்டுக்காகத் திட்டுவது பெரும்பாலும் பழக்கதோஷம். மீம் இரண்டையும் சேர்த்து அரைத்து, 'கஞ்சப் பிசினாரி அப்பா' என்று ஒரே ஆளை வார்த்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் வசதி. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றை வாங்கிப் போட்டால் அந்த 36 யூனிட் பதினாலரை ஆகிவிடும் என்கிற யோசனை யாருக்கும் வராது. அப்பாதான் கேலிச்சித்திரம் ஆகிவிட்டாரே, கேலிச்சித்திரத்துக்கு யார் ஃபேன் வாங்கித் தருவார்கள்?

எரிச்சல் எப்படி அச்சாகிறது என்பதையும் சொல்கிறேன். மீம் போடுகிறவர் முதலில் தேடுவது, எல்லார் வீட்டிலும் நடக்கிற, யாருக்கும் காயம்படாத, இரண்டு ஆள் நடிக்கிற ஒரு சண்டை. அதற்கு நகைச்சுவை நடிகரின் முகம் இரண்டு சட்டகத்தில். மேலே நிலைமை, கீழே முழிப்பு. எழுத்து பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் கைபேசியில் கட்டைவிரல் நிற்காமல் போய்விடும். ஆக, முதலில் வெட்டுப்படுவது காரணம். அடுத்து ஆளின் பெயர் போகும். அதற்கப்புறம்தான் உண்மையான வித்தை, அதைத் தமிழ் இலக்கணமே செய்துகொடுக்கிறது. 'நேத்து குமார் அடுப்பை அணைக்க மறந்துட்டான்' என்பது செய்தி. 'பசங்கன்னாலே இப்படித்தான்' என்பது தீர்ப்பு. ஒரு '-ன்னாலே', ஒரு '-தான்', வேலை முடிந்தது. நேற்று நடந்த சம்பவம் இன்றைக்கு ஓர் இனத்தின் குணம். கீழே 'இப்படி ஒரு ஆளை டேக் பண்ணு' என்று போட்டுவிட்டால், பார்க்கிறவர் தன் வீட்டு ஆளை அந்த அச்சில் உட்காரவைத்து நமக்காக மீதி வேலையையும் பார்த்துவிடுவார்.

மீம் என்ற சொல்லை 1976இல் உண்டாக்கிய உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் படங்களைப் பற்றிப் பேசவில்லை. தலைக்குத் தலை தொற்றி நகலாகிப் பரவும் எதையும் அப்படி அழைத்தார். அந்த ஓட்டத்தில் எது சுலபமாக ஒட்டுகிறதோ அது பிழைக்கும், அது உண்மையா என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்ததை ஒரு தடவைக்கு ஓர் ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம். படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புதிதாகப் போடுகிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

இணையத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. பூரிக்கட்டையோடு வாசலில் நிற்கும் மனைவியை வருஷக்கணக்காக நகைச்சுவைத் துணுக்கில் அச்சடித்தவை தமிழ் வார இதழ்கள். பூரி மாதம் இரண்டு நாள் போடுகிற வீடுகளில்கூட அந்தக் கட்டை ஓயவில்லை.

காரணத்தை வெட்டாமல் பரவுகிறவையும் உண்டு. 2025 தொடக்கத்தில் கேரளத்தில் ஓர் அங்கன்வாடிக் குழந்தை, உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட காணொளி ஊரெல்லாம் சுற்றியது. எது பிடிக்கவில்லை, எது வேண்டும், எங்கே வேண்டும் என்று மூன்றும் அதில் இருந்தன. அப்போது கேரள அமைச்சராக இருந்த வீணா ஜார்ஜ் பதில் சொன்னார், அந்த ஜூனில் முட்டை பிரியாணியோடு புதிய உணவுப்பட்டியல் வந்தது. 'உப்புமான்னாலே...' என்று ஆரம்பிக்கும் ஆயிரம் மீம்களால் ஒரு தட்டு உப்புமா மாறியிருக்காது.

'ஆம்பளைங்க கண்ணுக்கு ஃபிரிட்ஜ்ல இருக்கறது தெரியாது' வகைதான் எனக்கு ஆகவே ஆகாதது. கேட்பதற்குக் கணவனைக் கேலி செய்வதுபோல இருக்கும். உண்மையில் அது அவனுக்குக் கொடுக்கிற விடுப்புக் கடிதம். இயற்கையிலேயே தெரியாதவனை யார் தேடச் சொல்வார்கள்? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண் 97. அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் 26 சதவீதம் பேர்தான். மீம் இந்த ஏற்பாட்டை உருவாக்கவில்லை, ஆனால் சிரித்துச் சிரித்து அதற்கு முத்திரை குத்துகிறது.

இனி உங்கள் குக்கர். விசில் கடிகாரம் அல்ல. உள்ளே அழுத்தம் தேவைக்கு மேல் ஏறும்போது வெயிட் தூக்கிக்கொண்டு மிச்ச நீராவியை வெளியே விடும் சத்தம் அது. பருப்பை வேகவைப்பது அழுத்தத்தில் ஏறும் சூடு, ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. சிம்மில் வைத்தால் நன்றாக வெந்த பிறகும் மூன்றாவது விசில் வராது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, ஊறாத துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம் கைபேசியில் அலாரம் போடுங்கள். பருப்பு நுரைக்கும், தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் பொங்கல் குறையும். விசிலே வராமல் மூடியின் ஓரத்தில் நீராவி கசிந்தால் மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கட் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். நல்ல தீயிலும் ஓரத்தில் கசிவும் இல்லை, விசிலும் இல்லை என்றால் வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைத்திருக்கலாம். உடனே அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருந்து, பிறகு திறந்து குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவும் தெரிந்தவர் உங்கள் அம்மா. 'மூணு விசில்' என்பது, துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகிற அவசரத்தில் அவர் உங்களுக்காகச் சுருக்கிக் கொடுத்த சூத்திரம். சூத்திரத்தை மீம் ஆக்கி அவரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்பதெல்லாம் உங்கள் பாடு. நாளைக்குப் பருப்பை நீங்கள் வையுங்கள். கேஸ்கட் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தால் புதிது வாங்குங்கள். கடையில் குக்கரின் கம்பெனி பெயரும் எத்தனை லிட்டர் என்பதும் கேட்பார்கள். அப்படியும் ஒரு சுற்றுச் சின்னதைக் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு, பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.