கார்பன் கிரெடிட் என்றால் என்ன? மரம் வளர்க்கும் சிறு விவசாயிக்கு அதில் பணம் எப்படி வரும்?

பெங்களூரில் வேலை, ஓசூர் பக்கம் இரண்டு ஏக்கர் என்று இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது. காற்றில் ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்ததற்கான சான்றுதான் ஒரு கிரெடிட். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எல்லாம் இலை வழியே காற்றிலிருந்து இழுத்தது. தன் புகைக்கு ஈடு காட்ட நினைக்கும் நிறுவனம் அந்தச் சான்றை வாங்குகிறது.

தனி ஆளுக்கு இது கட்டாது. நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி ஒவ்வொரு மரமாக அளந்து சரிபார்க்கும் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். அதனால் பலரை ஒரே திட்டத்தில் சேர்க்கிறார்கள். பால் சொசைட்டி மாதிரிதான்: இரண்டு லிட்டர் பாலோடு யாராவது பெங்களூர் பஸ் ஏறுவார்களா? சொசைட்டியில் ஊற்றினால் லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்து வரவு வைப்பார்கள்.

அப்புறம், மரத்தை வெட்டவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டி மறுபடி நடும் திட்டங்களும் உண்டு. அவற்றில் மரங்களில் தங்கியிருக்கும் கார்பனின் பல வருடச் சராசரிக்குத்தான் கிரெடிட், மலைவேம்பு விற்ற காசு தனி.