மழைக்கு என்ன எதுகை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறார்கள், அதற்குப் பாட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மெட்டு தயார். இரண்டு வாரமாகப் பல்லவியைத் தாண்ட முடியவில்லை. இதுதான் எழுதியது:

நீ வந்தாய் மழையாய்
நான் நின்றேன் சிலையாய்
கண் பேசும் மொழியாய்
நெஞ்சம் போகும் வழியாய்

நண்பன் ‘எல்லாம் ஆய் ஆய் என்று முடிகிறது’ என்று சிரிக்கிறான். ஒலி ஒத்த சொல் கேட்டால் போன் கனவு, நினைவு, பிரிவு, உறவு என்றே திரும்பத் திரும்பத் தருகிறது. ஆங்கிலத்தில் இருப்பதுபோல் தமிழில் இதற்கென்று அகராதி உண்டா? அப்படிப் பட்டியல் பார்த்து எழுதினால் அது கவிதையா, கட்டுமான வேலையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பன் சிரித்தது சரி, ஆனால் காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை. ‘ஆய்’ என்பது நீங்கள் தேடிக் கண்டுபிடித்த ஒலி அல்ல, இலக்கணம் இலவசமாகக் கொடுத்தது. பூசணிக்காயோடு சேர்த்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காருகிறது, அதன் வாலில் ஆன், ஆள், ஏன், ஆய் என்று விகுதி. வந்தான், நின்றான், தின்றான், போனான் என்று யார் பேசினாலும் கடைசி ஒலி தானாகவே ஒத்துப்போகும். இதற்கு இயைபு என்று பெயர் உண்டு. ஆனால் சும்மா கிடைப்பதற்கு நம் ஆட்கள் பெரிய மதிப்புக் கொடுத்ததில்லை. அவர்கள் காது வைத்தது சொல்லின் தலையில். முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை.

இது புலவர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று சொன்ன விவசாயி யாப்பு படித்தவரல்ல. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பதில் நாலு சொல்லில் மூன்றுக்கு எதுகை. ‘கூழானாலும் குளித்துக் குடி’ முழுக்க மோனை.

இப்போது உங்கள் நாலு வரியைத் திரும்பப் பாருங்கள். மழை, மொழி, வழி. மூன்றிலும் இரண்டாம் எழுத்து ழகரம். நல்ல எதுகைச் சொற்கள் உங்களிடமே இருக்கின்றன. அவற்றை வரியின் வாலில் கொண்டுபோய்க் கட்டி, மேலே ஒரு ‘ஆய்’ போர்த்தி மூடியிருக்கிறீர்கள்.

தேடும் வழியைச் சொல்கிறேன். சாதாரண அகராதி மோனைக்குத்தான் உதவும், எதுகைக்கு உதவாது. அதில் ‘மழை’க்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழலையும் மழுங்கலும். எனவே இரண்டாம் எழுத்தை ஆணியடித்து நிறுத்திவிட்டு முதல் எழுத்தை மட்டும் சுழற்றுங்கள். ‘மழை’யின் முதல் எழுத்து குறில், ஆகவே குறில்கள் மட்டும். அ, இ, உ, எ, ஒ ஐந்தும் தனியாக வரும். க, ச, த, ந, ப, ம, வ மேல் ஏறியும் வரும். வு, வொ சொல்லின் முதலில் வராது. ஞகர, யகரங்களை விட்டுவிட்டால் மொத்தம் 38 இடம். ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றோடும் ‘ழை’ சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அழை, இழை, உழை, கழை, குழை, தழை, நுழை, பிழை, புழை, மழை, முழை, விழை. எனக்குப் பன்னிரண்டு கிடைத்தது, டீ ஆறுவதற்குள். இதில் கழை (மூங்கில்), புழை (துளை), முழை (குகை) மூன்றையும் அடித்துவிடுங்கள். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. எதுகைக்காக மட்டும் கல்லறையிலிருந்து எழுப்பி வந்த சொல் பாட்டில் பிணமாகவே நிற்கும்.

போதவில்லையென்றால் ‘ழை’யை விட்டு ழகர வரிசை முழுவதற்கும் போகலாம்: அழகு, எழுது, கிழமை, பழகு, வழி, விழி. மெய் ஒத்து உயிர் மாறினால் போதும், அதுவும் எதுகைதான்.

‘வாழை’ ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். முதலெழுத்து குறிலானால் குறில், நெடிலானால் நெடில் என்பது விதி. இதை வாத்தியார்த்தனம் என்று நினைத்திருந்தேன், ஒரு மெட்டுக்கு எழுதும்வரை. மெட்டில் ‘தனா’ விழும் இடத்தில் மழை உட்காரும். வாழையைப் போட்டால் ‘தானா’ ஆகித் தாளம் இடறும். இலக்கணம் சொல்வதும் ஆர்மோனியம் சொல்வதும் அங்கே ஒன்றுதான். கர்நாடக இசையில் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் இரண்டாம் எழுத்தை ஒத்துப் போடும் வழக்கமும் இதே காதிலிருந்து வந்தது.

ஆனால் சினிமாப் பாட்டு என்றால் இயைபை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பல்லவி முடிவில் பாடகர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுக்கும்போது கேட்பவர் காது கடைசி எழுத்தில்தான் இருக்கும்.

அகராதி கேட்டீர்கள். உண்டு, நன்றாகப் பழையது. வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி. நாலாவதான தொடையகராதி எதுகைக்கென்றே சொற்களைத் தொகுத்தது. அவருக்கு முன்பே மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் (நிகண்டு என்றால் செய்யுளில் எழுதிய பழைய அகராதி) பதினோராவது தொகுதி ககர எதுகை என்று தொடங்கி எதுகை வரிசையில்தான் போகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள் என்றால், உங்கள் போன் செய்யாத வேலையை மண்டையில் ஏற்றிக்கொண்டார்கள் என்று அர்த்தம். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர், தமிழை வளர்ந்தபிறகு கற்றவர். தேம்பாவணியில் 3615 பாட்டுப் பாடிய அந்த மனிதரே பட்டியல் போட்டு வைத்திருந்தார். நீங்கள் 38 கட்டம் போடுவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

கட்டுமான வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் மெட்டு என்னிடம் இல்லை, அதனால் மெட்டை மறந்துவிட்டு அந்தப் பன்னிரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றிரவு எழுதிப் பார்த்தேன்:

மழைவிட்டும் ஈரத் தெருமுனை
பிழை யார்மேல் என்று தெரியலை
நுழைவாயில் ஓரம் ஒருகுடை
அழைக்காமல் வந்தாய் அருகிலே

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரும்போது என்னிடம் மழையும் ஒரு பெண்ணும் மட்டும்தான் இருந்தார்கள், உங்களிடம் இருந்ததுபோல. ‘பிழை’ வந்தபிறகுதான் இருவருக்கும் ஏதோ சண்டை என்று எனக்கே தெரிந்தது. சண்டை இருந்ததால்தான் ‘அழைக்காமல்’ என்ற சொல்லுக்கு ஒரு கனம் வந்தது. இதைக் கட்டுமானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதுகை குழிபறிப்பதும் உண்டு. இருபது வருடம் முன்பு சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதினேன். மணப்பெண் பெயர் வல்லி என்று முடியும். அல்லி, மல்லி, சொல்லி வரை சுகமாகப் போய்விட்டது. நாலாம் அடிக்குச் சொல் கிடைக்காமல், சுவரில் பல்லி நல்ல சகுனம் சொன்னதாக எழுதிவிட்டேன். அச்சடித்து, பிரேம் போட்டு, மேடையில் வாசித்தும் விட்டார்கள். பெண்ணின் அத்தை இப்போதும் எங்காவது பார்த்தால் ‘என்ன தம்பி, பல்லி எப்படி இருக்கு?’ என்கிறார்.

பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிவிட்ட ஊர்க்காரர்கள் மழைக்கு வளையைப் போட்டுவிடுவதுண்டு. எழுதும்போது தெரியாது. நன்றாக ழ சொல்லும் பாடகி வந்தால் ரெக்கார்டிங்கில் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

உங்கள் நாலாவது வரியின் ‘நெஞ்சம்’ மிச்சம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம், தஞ்சம், மஞ்சம், வஞ்சம் நான்கையும் பாட்டெழுத வந்த எல்லோரும் தேய்த்துவிட்டார்கள். அஞ்சு, பஞ்சு, மிஞ்சு இன்னும் கொஞ்சம் தாங்கும். மஞ்சளில் ஏதாவது செய்ய முடியும் என்று தோன்றுகிறது. இஞ்சி சும்மாதான் கிடக்கிறது, மழை நாளில் டீக்கடை வாசலில் உங்கள் இருவரையும் நிறுத்தினால் அதுவும் வேலைக்கு ஆகலாம். எழுதியதும் அனுப்புங்கள்.