பழைய குளியலறை டைலுக்கு மேலேயே புது டைல் ஒட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. குளியலறைச் சுவர் டைல் பழசாகிவிட்டது. உடைத்தால் தூசி, சத்தம், பக்கத்து வீட்டு முறைப்பாடு. "உடைக்காம மேலாலயே ஒட்டலாம்" என்கிறார் டைல் பாஸ். நம்பலாமா?

சுவர் என்றால் ஒட்டலாம். ஆனால் புது டைலின் பாரம் முழுவதையும் பழைய டைல்தான் சுமக்கும். பசையோடு சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ ஏறும். செங்கல், சீமெந்துக் கல் சுவர் தாங்கும். ஜிப்சம் பலகைத் தடுப்பென்றால் வேண்டாம்.

முதலில் ஒவ்வொரு டைலின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருவதையெல்லாம் மார்க்கரால் குறியுங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்து, பள்ளத்தைச் சாந்தால் மட்டமாக நிரப்பி, காய்ந்தபின் ஒட்டலாம். ஷவர் பக்கமோ அடி வரிசைகளோ தொடர்ச்சியாகப் பொள்ளல் என்றால் பின்னால் தண்ணீர் இறங்கியிருக்கக்கூடும். அதை மூடி மறைக்காதீர்கள், உடையுங்கள்.

அடுத்தது, பலர் யோசிக்காதது: குழாய். கொழும்பின் பழைய கட்டடங்களில் சுவருக்குள் ஜீஐ குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) ஓடினால், என் முடிவு உடைப்பதுதான். இரும்பு உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்; ஒருநாள் கசிந்தால் இரண்டு அடுக்கு டைலையும் உடைக்க வேண்டிவரும். பீவீசி என்றாலும் வேலைக்கு முன் பிளம்பரிடம் பிரஷர் சோதனை செய்வியுங்கள். மொட்டை மாடித் தாங்கியிலிருந்து தண்ணீர் வரும் வீட்டில் மீட்டரை மட்டும் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி வேலை. வழக்கமாகச் சொதப்புவது இங்கேதான். பழைய டைலைச் சுத்தியலால் கொத்திவிட்டு வெறும் சீமெந்துக் குழம்பு பூசி ஒட்டுவார்கள். கொத்தும் அதிர்வில் நன்றாக இருந்த டைலும் கழன்றுவிடும். பளபளப்பான மேற்பரப்பு தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சீமெந்துக்குப் பிடிமானமும் கிடையாது. காயும்போது சுருங்கி விலகிவிடும். அதற்குப் பதிலாக, சோப்புப் படிவையும் உப்புக் கறையையும் நன்றாகக் கழுவி, கிரைண்டரில் டைமண்ட் கப் (வைரத் துகள் பதித்த தேய்க்கும் சில்லு) போட்டு பளபளப்பு போகும்வரை தேயுங்கள். தூசியைத் துடைத்து, மணல் கலந்த பிடிமானப் பிரைமர் ஒரு பூச்சு. மூட்டையில் சி2டிஇ (C2TE) என்று அச்சிட்ட பொலிமர் பசைதான் வாங்க வேண்டும். அதில் டி என்பது டைல் கீழே வழுகாது என்பதற்கும், இ என்பது பூசியபின் ஒட்ட அதிக நேரம் கிடைக்கும் என்பதற்கும்.

5 அடிக்கு 7 அடி அறை, 7 அடி உயரம், கதவைக் கழித்தால் சுமார் 150 சதுர அடி. 300×600 மில்லிமீட்டர் டைல் 77 போதும்; வெட்டுச் சேதத்துக்குச் சேர்த்து 85 வாங்குங்கள். 20 கிலோ பசை மூட்டை 4, டைல்களுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்பும் கிரவுட் 3 கிலோ. பல்லுக் கரண்டி 8 முதல் 10 மில்லிமீட்டர்ப் பல்லோடு இருக்க வேண்டும்; டைலின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு. ஐந்து இடத்தில் பசை உருண்டை வைத்து அமுக்குவதை அனுமதிக்காதீர்கள். இடைவெளியில் தண்ணீர் தேங்கும். இடையிடையே ஒரு டைலைக் கழற்றிப் பார்த்தால் முதுகு முழுக்கப் பசை பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேலை தொடங்குமுன் மூன்று டைலை ஒட்டி, மூன்று நாள் கழித்து நெம்பிப் பாருங்கள். பசை உடைந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் நல்லது. பழைய டைலிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்தால் தேய்ப்போ பிரைமரோ சரியில்லை.

இரண்டு பக்கமும் டைல் இருப்பதால் பசையின் ஈரம் வெளியேற வழி குறைவு, அதிலும் கொழும்பின் ஈரக் காற்றில். மறுநாளே கிரவுட் போட அவசரப்படுவார்கள். குறைந்தது மூன்று நாள் விடுங்கள். உள்மூலைகளிலும் தரையோடு சேரும் கோட்டிலும் கிரவுட் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் போடுங்கள்.

சுவர் 12 மில்லிமீட்டர் அளவு முன்னால் வரும். பைப்புகளுக்கு அரை அங்குல எக்ஸ்டென்ஷன் நிப்பிள், சுவருக்குள் பதித்த கொன்சீல்ட் வால்வுக்கு நீட்டிப்பு, சுவிட்ச் பெட்டிக்கு நீள ஆணி, வெளி ஓரங்களுக்கு டிரிம் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கொமட்டின் பின்பக்க இடைவெளியையும் அளந்துவிடுங்கள். பழைய டைல் ஐந்து அடியோடு நின்றிருந்தால், மேலே உள்ள பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டி, சாந்து பூசி மட்டமாக்க வேண்டும். ஹீட்டர், பேசின் மாட்டும்போது ரோல் பிளக் இரண்டு டைலையும் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும். 2 அங்குல ஆணி போதாது, 3 அங்குலமாவது வேண்டும்.

தரைக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே வாட்டமும் கதவடி உயரமும் மாறிப்போகும்; கீழ்வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் பழையதை உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சுத்தான் முதலில்.