சி.பி. முத்தம்மா தன் அரசு மீதே வழக்குப் போட்டது ஏன்?

முத்தம்மா 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். குடகுக்காரர், சென்னையில் படித்தவர். அன்றைய விதிகளைப் பாருங்கள்: பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அப்புறம் குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இப்படி எதுவுமே கிடையாது!

ஹங்கேரியில் தூதராக இருந்தவருக்கே அடுத்த பதவி உயர்வு மறுக்கப்பட்டது. பெண் என்பதால்தான் என்று உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு முடிவதற்குள் பதவி உயர்வு வந்துவிட, 1979-இல் மனு தள்ளுபடியானது. ஆனால் நான் இதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. மணமான ஆணுக்குள்ள உரிமை மணமான பெண்ணுக்கும் உண்டு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அழுத்தமாக எழுதினார். பாகுபாடான விதிகளை நீக்கவும், முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பரிசீலிக்கவும் சொன்னார்.