மகள் பிரசவத்துக்கு ஜெர்மனி: ஆறு மாதம் தங்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஒரே மகள் மியூனிக்கில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். 2022-ல் ப்ளூ கார்டு என்ற பணி அனுமதி வாங்கிப் போனவள். வரும் நவம்பரில் அவளுக்குத் தலைப்பிரசவம். ஆறு மாதமாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆசை. இங்கே ஒரு ஏஜென்ட், "டூரிஸ்ட் என்று சொல்லிப் போய்விடுங்கள், அங்கே போனதும் ரெசிடென்ஸ் பெர்மிட்டாக மாற்றிவிடலாம்" என்று சொல்லி இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. 90 நாளுக்கு மேல் ஜெர்மனியில் இருக்க வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள தேசிய விசாவை இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் போனவர் அங்கே உட்கார்ந்துகொண்டு அதை மாற்றிக்கொள்ளப் பொதுவாக இடமில்லை. நீட்டிப்பும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், விமானமே ஓடவில்லை என்பது போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள்.

பெற்றோரை அழைத்துக்கொள்ளும் சலுகை ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலாக ப்ளூ கார்டு போன்ற பணி அனுமதி பெற்றவர்களுக்குத்தான் அது. உங்கள் மகள் 2022-லேயே வாங்கிவிட்டதால் பொருந்தாது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு லட்சம் மிச்சம். (அந்தத் தேதிக்குப் பின் போன பிள்ளைகளின் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது மருத்துவக் காப்பீடு. 55 வயது தாண்டியவர்கள் அங்குள்ள அரசுக் காப்பீட்டில் புதிதாகச் சேர்வது ரொம்பக் கடினம். காப்பீடு இல்லாமல் அனுமதி கிடைக்காது.)

சரி, உங்களுக்கு எது சாத்தியம்? ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் இருக்கலாம். நவம்பர் 1-ல் போய் இறங்கினால் அதுவே முதல் நாள். நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஜனவரியில் 29. ஆக, ஜனவரி 29 உங்கள் கடைசி நாள், அன்றே கிளம்பியாக வேண்டும். 90 நாளையும் அப்படியே தீர்த்துவிட்டால் மறுபடி உள்ளே போக ஏப்ரல் 30 ஆகிவிடும். அதற்கு அப்போது செல்லும் விசாவும் கையில் இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசாவில் 'எதுவரை செல்லும்' என்று ஒரு தேதியும், 'எத்தனை நாள் தங்கலாம்' என்று ஓர் எண்ணும் தனித்தனியாக இருக்கும். பயணத் தேதி முன்பின் ஆனால் உதவட்டும் என்று முதலாவதில் வழக்கமாக 15 நாள் கூட்டிப் போடுவார்கள். அந்தத் தேதியைப் பார்த்து, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று தங்கிவிடாதீர்கள். நாள் கணக்குதான் செல்லும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

இந்த 90 நாள் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது. நீங்கள் நவம்பரில் போய்ப் பிரசவத்தையும் பத்தியச் சமையலையும் குழந்தை குளிப்பாட்டுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியில் சம்பந்தியம்மா போகட்டும். ஏப்ரல் வரை மகளுக்குத் துணை இருக்கும், ஆறு மாதமும் ஓடிவிடும், சட்டத்தையும் யாரும் மீறவில்லை. உங்கள் வீட்டுக்காரரும் வருகிறார் என்றால் உங்களோடேயே சேர்த்து விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் 'குடும்பத்தைப் பார்க்க' என்றே எழுதுங்கள். டூரிஸ்ட் என்று போட்டு, ரத்து செய்யப்போகிற ஹோட்டல் புக்கிங்கை வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். மறுக்கப்பட்டால் அந்த விவரம் எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கிற பதிவில் 5 வருடம் வரை நிற்கும். 2025 ஜூலையிலிருந்து, மறுத்த தூதரகத்திடமே மேல்முறையீடு செய்யும் வசதியையும் ஜெர்மனி எடுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்பதைவிட நல்ல காரணம் என்ன இருக்கிறது? அதை ஏன் மறைக்க வேண்டும்? டாக்டர் தந்த பிரசவத் தேதிக் கடிதத்தை வையுங்கள். திரும்பி வருவீர்கள் என்று காட்ட வீட்டுப் பத்திரம், பென்ஷன் வரும் பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

விசாக் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் சேவைக் கட்டணம். பயண இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதற்கு கவரேஜ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய் வந்தால் பலனும் உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு 2 வருட மல்டிபிள் விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது, அதற்கடுத்து 5 வருட விசா. 90 நாள் கணக்கு அப்போதும் உண்டுதான், ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.

உங்கள் செலவைத் தானே ஏற்பதாக மகள் மியூனிக்கில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகலாம், இந்த வாரமே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், சம்பந்தியம்மாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.