ஸ்டீரிங் கோணலா நின்னா பின்னாடி போய் பாருங்க – கேள்வி பதில்

இந்த தடவ வந்ததுல பாதிக்கு மேல ரியர் ஆக்சில், அதாவது பின் சக்கரம் ரெண்டும் மாட்டியிருக்கிற அச்சு, பத்தின கேள்விதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன்.

கே: சார் வண்டி ஒரு பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் பண்ணியும் போகல. என்ன பண்ணலாம்?

என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம் இழுக்குது, பிரேக் அடிக்கும்போதா சும்மா போகும்போதா, ஒண்ணுமே எழுதல. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? முதல்ல நாலு டயர்லயும் காத்து பாருங்க, முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டு ஓட்டுங்க, இழுக்குற பக்கம் மாறுனா கோளாறு டயர்லதான். மாறலைன்னா விவரத்தோட திரும்ப எழுதுங்க.

கே: ஸ்விஃப்ட், பின் டயர் ஒண்ணு மட்டும் உள்பக்கம் தேயுது. ரியர் டோ (பின் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற கோணம்) எங்க அட்ஜஸ்ட் பண்றது?

அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. அதுல இருக்கிறது டார்ஷன் பீம், பின் சக்கரம் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற முறுங்குற பீம், பொலிரோல இருக்கிற மாதிரி ஆக்சில் ஷாஃப்ட்ட உள்ள வச்ச முழு ஹவுசிங் இல்ல. ஸ்டப் ஆக்சிலுக்கும் (சக்கரம் மாட்டுற குட்டை அச்சு) பீமுக்கும் நடுவுல ஷிம், அதாவது மெல்லிய தகடு, வச்சு கொஞ்சம் சரி பண்ணலாம், அரை டிகிரிக்கு மேல போச்சுன்னா பீமையே மாத்துறதுதான் புத்திசாலித்தனம். ஷிம் வச்சா ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிறது) சென்சார் இடைவெளி மாறாம பாத்துக்கோங்க.

கே: பொலிரோ, நேரா போகும்போது ஸ்டீரிங் இடது பக்கம் திரும்பி நிக்குது. மூணு தடவ அலைன்மென்ட் பண்ணிட்டேன், கடைசில கடைக்காரர் ஸ்டீரிங் வீலையே கழட்டி நேரா மாட்டிக் குடுத்துட்டார். இப்ப பாக்க நேரா இருக்கு, ஆனா பின்னாடி வர்றவங்க வண்டி சைடா போகுதுன்னு சொல்றாங்க.

இதத்தான் நான் வருஷக்கணக்கா கத்திட்டு இருக்கேன். ஸ்டீரிங் தண்டோட பல்லுல, அதான் ஸ்ப்ளைன்ல, ஒரு பல்லு தள்ளி ஸ்டீரிங் மாட்டுறது ரிப்பேரே இல்ல, மூடி மறைக்கிறது. முன்னாடி ஒருத்தர் இதே மாதிரி மாட்டிட்டு வந்தார், ஆறு மாசத்துல நாலு டயரும் காலி. ஏர்பேக் இருக்கிற வண்டின்னா, கழட்டி மாட்டும்போது கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீரிங் வீலுக்குக் கரண்ட் கொண்டு போற சுருள் வயர்) நடுவுல இருந்து விலகிட்டா அது வேற அறுந்து போகலாம்.

விஷயம் என்னன்னா, வண்டிய தள்ளுறது பின் சக்கரம், அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகப் பாக்கும், முன் சக்கரம் அதுக்கு ஏத்த மாதிரி திரும்பிக்கிட்டு சமாளிக்கும், அதனாலதான் ஸ்டீரிங் கோணலா நிக்குது. இடது பின் சக்கரம் பின்னாடி நகர்ந்திருந்தா ஸ்டீரிங் இடது பக்கம் திரும்பி நிக்கும், வலதுன்னா வலது. உங்க கேஸ்ல இடது பக்கம் ஆக்சில் பின்னாடி தள்ளியிருக்கணும், முக்கால்வாசி சென்டர் போல்ட்தான். லீஃப் ஸ்பிரிங் பட்டைகள நடுவுல கோத்துப் பிடிக்கிற அந்த போல்ட்டோட தலைதான் ஆக்சில் பேட்ல இருக்கிற ஓட்டைல உக்காந்து ஆக்சில அதே இடத்துல நிறுத்தி வைக்கும். ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் லூசானா மொத்த இழுப்பும் அந்தச் சின்ன போல்ட் மேல வந்து ஒரு நாள் டக்குன்னு அறுந்துரும்.

மெஷின் வேணாம், டேப் போதும். சமதரையில, நாலு டயர்லயும் சரியான காத்தோட வண்டி சக்கரத்துல நிக்கணும், ஜாக்கில இல்ல. ஸ்பிரிங்கோட முன் கண்ணு போல்ட்டுல இருந்து ஆக்சில் சென்டர் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. அப்புறம் கொத்தனார்கிட்ட தூக்குக்குண்டு வாங்கி, முன் சக்கர நடுவையும் பின் சக்கர நடுவையும் தரையில குறிச்சு வீல்பேஸ் அளங்க, முன் சக்கரம் நேரா இருக்கணும். மூணு மில்லிமீட்டருக்குள்ள வித்தியாசம்னா விட்டுருங்க. பத்து மில்லிமீட்டர்னா கிட்டத்தட்ட 0.4 டிகிரி, அதுக்கே ஸ்டீரிங் நல்லாவே திரும்பும். சென்டர் போல்ட் நல்லா இருந்தா ஆக்சில் பேட் ஓட்டை ஓவல் ஆகியிருக்கா, ஸ்பிரிங் புஷ் (கண்ணுக்குள்ள இருக்கிற ரப்பர்) போச்சா, ஹேங்கர் (ஸ்பிரிங்க சேசிஸ்ல மாட்டுற பிராக்கெட்) வளைஞ்சிருக்கான்னு வரிசையா பாருங்க. இதெல்லாம் சரி பண்ண பிறகுதான் அந்த ஸ்டீரிங் வீல பழைய இடத்துல மாட்டிட்டு ஃப்ரன்ட் டோ தொடணும். கடைக்காரர் பின்னாடி சென்சார் மாட்டாம முன்னாடி மட்டும் பாத்தா, பணத்த எடுத்துட்டு வெளிய வந்துருங்க.

கே: பழைய யூ போல்ட்டையே திரும்ப போடலாமா?

கூடாது. ஒரு தடவ இறுக்குனது இழுபட்டிருக்கும். புதுசு போட்டு, நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒரு 500 கிலோமீட்டர் ஓடுன பிறகு திரும்ப இறுக்குங்க. அந்த ரெண்டாவது இறுக்கத்த விட்டவங்க வண்டிலதான் சென்டர் போல்ட் அறுந்து வருது.

கே: அம்பாசிடர்ல ஸ்பிரிங்குக்கு கீழ ஆப்பு பிளேட் வச்சா ரியர் அலைன்மென்ட் சரியாகுமா?

ஆகாது. ஆப்பு மாத்துறது பினியன் ஆங்கிள், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்சில் மூக்கு மேலயா கீழயா பாக்குதுங்கிற கோணம், சக்கரம் பாக்குற திசைய இல்ல. வச்சுட்டீங்கன்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட் உதற ஆரம்பிக்கும், அதுக்கு இன்னொரு கேள்வி எழுதுவீங்க.

கே: இன்னோவா, காயில்ல ஸ்பேசர் வச்சு தூக்குனேன். பின் சக்கரம் ஒரு பக்கம் வெளிய தள்ளி நிக்குது.

லேட்டரல் ராட் வேலை அது. ஒரு முனை பாடில, ஒரு முனை ஆக்சில்ல, வண்டிய தூக்குனா ராட் சாஞ்சு ஆக்சில பக்கவாட்டுல இழுத்துரும். சில மில்லிமீட்டர்னா பயப்படாதீங்க, ஆக்சில் திசை மாறல, ஸ்டீரிங்கும் கோணாது. உறுத்துனா நீளம் மாத்துற ராட் போடுங்க. அதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாம் பாருங்க, அது போயிருந்தா திசையே மாறிரும். அடியில போகும்போது ஸ்டாண்ட் வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க, போன தடவையும் சொன்னேன்.

கே: பின் ஹவுசிங் வளைஞ்சிருச்சு, கேஸ் வச்சு சூடு பண்ணி நிமித்தித் தர்றேங்கிறாங்க.

வேணாம். சூடு பட்ட இடம் பலம் போய் லோடு ஏத்துனா திரும்ப வளையும், பேரிங்கும் ஆயில் சீலும் மாத்தி மாத்தி போகும். நல்ல செகண்ட்ஹேண்ட் ஹவுசிங் தேடுங்க, வாங்குறதுக்கு முன்னாடி நூல் பிடிச்சு பாத்துட்டு வாங்குங்க, அதுவும் வளைஞ்சதா இருக்கப் போகுது.