இட்டேரியில் சைக்கிள் பாதை: கையெழுத்துக்கு முன் புலப்படம்

கேள்வி: பெருந்துறை பக்கம் இரண்டு பேரூராட்சிகளுக்கு நடுவே, எங்கள் ஊராட்சி வழியாக 4 கி.மீ. இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடம்) போகிறது. மெயின் ரோட்டில் லாரி பயம். அதனால் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளிலும் மற்றவர்கள் நடந்தும் போய்வர இட்டேரியைச் சீர்செய்யலாம் என்று பேசினோம். நடுவில் ஒரு காட்டுக்காரர் (விவசாய நிலத்துக்காரர்) ‘இது என் பட்டா’ என்று போன மாதம் குறுக்கே கம்பிவேலி போட்டுவிட்டார். வெளியூர்க்காரர் ஒருவர், ‘எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, அளவை, அப்ரூவல் எல்லாம் என் செலவு’ என்கிறார். போடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற நில அளவர்):

போடாதீர்கள். உங்கள் பிள்ளைகளின் சைக்கிள் மேல் அவருக்கு என்ன திடீர் அக்கறை? இட்டேரிக்கு உள்ளே தள்ளி எங்கேயாவது காடு கிரயம் பேசியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். சைட் போட்டு விற்க டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். அதற்கு அகலமான பொதுப்பாதை காட்ட வேண்டும். நான் வேலையில் இருந்தபோதே பார்த்த கதை இது. மனுவில் ‘நடைபாதை’ என்றுதான் இருந்தது. மூன்றாம் வருடம் கிளுவை வேலியை ஜேசிபி வழித்துப்போட்டு, தார் போட்டு, டிப்பர் ஓடியது. நடந்தவர்கள் பழையபடி ஓரம் ஒதுங்கினார்கள். அவர் நீட்டும் தாளில் ‘பவர்’ (அதிகாரப் பத்திரம்) என்றோ ‘எதிர்கால விரிவாக்கத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்றோ ஒரு வரி இருந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, வேலிக்கு வருவோம். அரசின் இ-சேவை தளத்தில் புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) காசில்லாமல் பார்க்கலாம். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் ஆளுக்கு இதற்காக 2,000 ரூபாய் கொடுக்காதீர்கள். அ-பதிவேட்டில் இட்டேரிக்குத் தனி சர்வே எண் இருந்து, ‘வண்டிப்பாதை’ புறம்போக்கு என்று எழுதியிருந்தால் வேலி ஆக்கிரமிப்புதான். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் அகற்றல். மனுவைத் தாசில்தாரிடம் கொடுங்கள்.

அகலத்தைப் புலப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். 1:2000 படத்தில் 1 மி.மீ. என்றால் தரையில் 2 மீட்டர். ஜெராக்ஸ் கொஞ்சம் இழுத்திருந்தாலும் ஒரு வண்டித்தடமே காணாமல் போகும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். சர்வே கல்லையும் தேடுங்கள். பாதிக் கல் கிளுவை வேருக்கு அடியில்தான் கிடக்கும்.

இனிதான் சிக்கல். எல்லா இட்டேரியும் புறம்போக்கு இல்லை. புலப்படத்தில் பட்டா எண்ணுக்கு உள்ளேயே இரண்டு புள்ளிக்கோடுகளாகப் பாதை ஓடினால், அளந்த காலத்தில் அங்கே தடம் இருந்தது என்று மட்டுமே பொருள். நிலம் பட்டாதாரருடையது. அந்த இடத்தில் உங்கள் காட்டுக்காரர் சொல்வது சரி. ஆனாலும் அத்தோடு முடிந்துவிடாது. 1980களில் நடந்த யூடிஆர் (நில ஆவணங்களைப் புதுப்பித்த) அளவையில் பொதுப்பாதை பட்டாவுக்குள் போன இடங்கள் உண்டு. அதற்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.

அதிலும் பட்டா என்றே இருந்தால்? அந்தத் தடத்தைத் தாண்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் 20 வருடம் தடையில்லாமல், உரிமையாகப் போய்வந்திருந்தால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு கைகொடுக்கும். இது நடக்கவும் வண்டி ஓட்டவும் உள்ள உரிமை. நிலம் ஊருக்குச் சொந்தமாகாது. கிராவல் கொட்டிப் பாதை போடவும் முடியாது. அதற்குப் பட்டாதாரர் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து தர வேண்டும். பத்திரத்தோடு நிற்காமல் உட்பிரிவு செய்து (பாதைக்குத் தனி எண் பிரித்து) புலப்படத்தில் கோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால், பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது பாதையையும் சேர்த்தே பிரித்துக்கொள்வார்கள்.

உட்பிரிவு என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மனு, பணம், தேதி; அந்தத் தேதியில் சர்வேயரை வேறு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். 30 வருடம் சங்கிலி இழுத்த எனக்கே, சொந்தத் தோட்டத்தை அளக்க எட்டு மாதம் ஆனது. வருவாய்த்துறையைக் கேட்டால் ஊராட்சியைச் சொல்வார்கள், ஊராட்சியைக் கேட்டால் யூனியன். எனவே கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முன்னால் வருகிறதோ அதில். தீர்மானத்தில் சர்வே எண், இருக்கிற அகலம், ‘வேலி, மரம் அகற்றக்கூடாது’ என மூன்றும் இருக்கட்டும். ‘சாலை’ என்ற சொல் வேண்டாம்.

நடுவே எங்காவது கீழ்பவானி வாய்க்கால் கரை வந்தால் அது நீர்வளத்துறையுடையது, அனுமதி தனி. வண்டிப்பாதை என்பதால் டிராக்டரைத் தடுக்கவும் உங்களுக்கு உரிமையில்லை, கல் நட்டு அடைக்காதீர்கள். தரைக்குக் கெட்டித்த கிராவல் போதும்.

அப்புறம், கம்பிவேலி போட்ட தேதியை எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். தடை தெரிந்தும் ஒரு வருடம் சும்மா இருந்தால் அதற்கு இணங்கியதாகிவிடும். வசதியுரிமை கேட்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவும் வேண்டும். இந்த வாரமே ஆட்சேபணையை, பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.